'நல்' நம்பர் பிளேட்டுக்கு 12,049 டாலர் அபராதம்! டேட்டாபேஸில் ஒரு காலி கட்டம் என்னவெல்லாம் செய்யும்?

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த கணினி பாதுகாப்பு ஆய்வாளர் ஒருவர், தன் காருக்கு ஆசையாக ஒரு நம்பர் பிளேட் வாங்கினார். அதில் எண்ணே இல்லை. என், யூ, எல், எல் என நான்கு ஆங்கில எழுத்துகள் மட்டும்தான். 'நல்' என்று படிக்க வேண்டும்.

பிறகு யார் யாருடைய கார்களுக்கோ போட்ட அபராத நோட்டீஸ்கள் எல்லாம் அவர் வீட்டுக்கு வந்து குவிந்தன. மொத்தம் 12,049 டாலர்! 2019-ல் லாஸ் வேகாஸில் நடந்த டெஃப்கான் மாநாட்டில் அவரே இதைச் சொன்னார்.

அப்படி என்னதான் நடந்தது?

வண்டி எண் பதிவாகாத அபராதங்களில், எண்ணுக்கான கட்டத்தில் 'நல்' என்று இருந்திருக்கிறது. அந்தப் பெயரில் நிஜமாகவே ஒரு வண்டி வந்ததும், சிஸ்டம் எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டிவிட்டது. இதுதான் அவர் சொன்ன விளக்கம்.

'நல்' என்றால் என்ன?

டேட்டாபேஸில் 'இங்கே தகவல் இல்லை' என்பதற்கான அடையாளம். பூஜ்ஜியம் வேறு, காலி வேறு, நல் வேறு. கடன் பாக்கி 0 என்றால் கடன் இல்லை. நல் என்றால் கடன் இருக்கா, இல்லையான்னே தெரியாது.

இன்றைய டேட்டாபேஸ்களுக்கு 1970-ல் அடித்தளம் போட்டவர் எட்கர் காட். 1985-ல் அவர் வெளியிட்ட விதிகளில் மூன்றாவது விதியே இந்த வேறுபாட்டைத்தான் வலியுறுத்துகிறது.

மாற்றிப் போட்டால் என்ன ஆகும்?

மூன்று மாணவர்கள். ஒருவர் 80, இன்னொருவர் 60. மூன்றாமவரின் மார்க் இன்னும் வரவில்லை. அதை நல் என்று வைத்தால் சராசரி 70. பூஜ்ஜியம் என்று போட்டால் சராசரி 46.67-க்கு இறங்கிவிடும். மூன்றாமவர் ஃபெயில் ஆனது போலவும் தெரியும்.

நமக்கு என்ன சம்பந்தம்?

நம்மில் பலருக்கு இனிஷியல் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்தால், அமெரிக்க விசாவில் அது குடும்பப் பெயராகிவிடும். முதல் பெயர் கட்டத்தில் 'எஃப்என்யூ' என்று வரும். 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. சிலருக்கு அங்கே அதுவே பெயராகவும் ஒட்டிக்கொள்கிறது. இத்தனைக்கும் அவர் பெயர் தெரியாமல் இல்லை. இரண்டாவது பெயர் இல்லை, அவ்வளவுதான்.

சரியாகக் கையாள்வது எப்படி?

* தெரியாத இடத்தில் 0, 'இல்லை', 'நல்' என்று எழுத்தில் நிரப்பக் கூடாது. டேட்டாபேஸின் நிஜமான நல் அடையாளத்தையே பயன்படுத்த வேண்டும்.
* ஒரு நல் இன்னொரு நல்லுக்குச் சமம் இல்லை. பிறந்த தேதி தெரியாத இருவர் ஒரே நாளில் பிறந்தார்கள் என்று சொல்ல முடியாதே! அதனால் நல்லைத் தேட 'இஸ் நல்' என்ற தனிக் கட்டளை இருக்கிறது.
* வண்டி எண் போல கட்டாயம் தேவைப்படும் தகவல் என்றால், அது இல்லாமல் பதிவையே ஏற்கக் கூடாது.
* எல்லோருக்கும் பொருந்தாத தகவலைக் கட்டாயம் ஆக்கக் கூடாது.

தெரியாததைத் 'தெரியாது' என்றே எழுதி வைப்பதுதான் பாதுகாப்பு. இல்லாவிட்டால், சம்பந்தமே இல்லாத ஒருவர் வீட்டுக்கு நோட்டீஸ் போகும்.