லாம்பும் குடமும்: நடந்த ஒரு வாக்கெடுப்பும் நடக்காத ஒரு வாக்கெடுப்பும்

திருகோணமலையில் அறுபது வயதைத் தாண்டின ஒருவரிடம் "லாம்பா குடமா?" எண்டு கேட்டுப் பாருங்கோ. முதலில் சிரிப்பார். பிறகு 1982 டிசம்பர் பற்றிக் கதைக்கத் தொடங்குவார். எங்கட வயதில் உள்ளவர்களிடம் இதைக் கேட்டால், ஏதோ சமையலறைச் சாமான் பற்றிக் கேக்கிறீங்கள் எண்டுதான் நினைப்பார்கள்.

அது ஒரு வாக்குச்சீட்டில் இருந்த இரண்டு சின்னங்கள். லாம்பு எண்டால் "ஆம்", குடம் எண்டால் "இல்லை". இலங்கையில் நாடு முழுக்க நடந்த ஒரேயொரு சர்வஜன வாக்கெடுப்பு அதுதான். அதற்குப் பிறகு இண்டுவரைக்கும் இன்னொன்று நடக்கவில்லை. 1965இலோ அதற்குப் பிறகோ பிறந்த எவரும் இந்த நாட்டின் அரசியலமைப்பைப் பற்றித் தன் கையால் ஒரு புள்ளடி போட்டதில்லை. எங்கட அம்மா அப்பாமாரில் பெரும்பாலானோரும் அதற்குள் அடக்கம்.

இந்தக் கட்டுரையில் இரண்டு வாக்கெடுப்புகளைப் பற்றிக் கதைக்கப் போறோம். ஒன்று நடந்தது, நடந்திருக்கக் கூடாத விதத்தில். மற்றது எங்கட மாகாணத்துக்கெண்டே எழுதப்பட்டது, ஆனால் நடக்கவேயில்லை.

ஒரு பாராளுமன்றம் தன் ஆயுளைத் தானே நீட்டின கதை

1977 ஜூலைத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 168 ஆசனங்களில் 140ஐ வென்றது. ஆறில் ஐந்து பங்கு. அந்தப் பலத்தை வைத்துத்தான் ஜே.ஆர். ஜெயவர்தன 1978 அரசியலமைப்பைக் கொண்டுவந்தார். அதன்படி பாராளுமன்றத்தின் காலம் 6 வருடம், 1983 ஓகஸ்டில் முடிய வேண்டும்.

1982 ஒக்டோபர் 20ஆம் திகதி முதலாவது ஜனாதிபதித் தேர்தல் நடந்தது. ஜே.ஆருக்கு 52.91 வீதம், ஹெக்டர் கொப்பேகடுவவுக்கு 39.07 வீதம். வெற்றிதான். ஆனால் ஒரு சிக்கல். அடுத்த பொதுத்தேர்தல் விகிதாசார முறையில் நடக்க வேண்டியது. 52 வீதத்தை வைத்துக்கொண்டு அந்த முறையில் ஆறில் ஐந்து பங்கு கிடைக்காது, மூன்றில் இரண்டு பங்கும் கிடைக்காது. எனவே தேர்தலை வைக்காமல் விட்டால் என்ன?

அதுக்குத்தான் நான்காவது திருத்தம். பழைய பாராளுமன்றமே 1989 ஓகஸ்ட் 4 வரைக்கும் இருக்கும் எண்டு அது சொன்னது. அரசியலமைப்பின் 83ஆம் உறுப்புரைப்படி, பாராளுமன்றத்தின் காலத்தை 6 வருடத்துக்கு மேல் நீட்டுவதானால் மூன்றில் இரண்டு பெரும்பான்மை மட்டும் போதாது, மக்களிடமும் கேட்க வேண்டும். ஜே.ஆர். தன் கட்சி எம்பிமாரிடம் திகதி போடாத ராஜினாமாக் கடிதங்களை வாங்கி வைத்திருந்தார். சபைக்குள் பிரச்சினை வராது. மிச்சம் மக்கள்தான்.

1982 டிசம்பர் 22ஆம் திகதி மக்களிடம் கேட்டார்கள். எப்படி? அவசரகாலச் சட்டம் அமுலில் இருக்க. "அத்த" போன்ற எதிர்த்தரப்புப் பத்திரிகையின் அச்சகத்துக்குச் சீல் வைத்துவிட்டு. நக்சலைட் சதி ஒன்று இருக்கு எண்டு சொல்லி எதிரணிக்காரரை உள்ளே போட்டுவிட்டு. மிரட்டலும் கள்ளவாக்கும் நடந்ததைத் தேர்தல் ஆணையாளரே பிறகு அறிக்கையில் எழுத வேண்டி வந்தது.

முடிவு: லாம்புக்கு 31,41,223 வாக்கு, 54.66 வீதம். குடத்துக்கு 26,05,983 வாக்கு, 45.34 வீதம். யாழ்ப்பாண மாவட்டத்தில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குடத்துக்குப் போட்டார்கள். ஆனால் சர்வஜன வாக்கெடுப்பில் முழு நாடும் ஒரே தொகுதி. ஒரு மாவட்டம், ஒரு மாகாணம், ஒரு இனம் முழுசா "இல்லை" எண்டு சொன்னாலும், கூட்டுத்தொகையில் அது கரைந்து போகும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கோ. கடைசியில் திரும்பவும் இதுக்கு வருவோம்.

சிங்களத்தில் அந்த வாக்கெடுப்பை "லாம்பு கலகெடி விளையாட்டு" எண்டு இண்டைக்கும் நக்கலாகச் சொல்வார்கள். எங்களுக்கு அது விளையாட்டாக முடியவில்லை. அப்படி நீட்டப்பட்ட பாராளுமன்றம்தான் 1983 ஓகஸ்டில், ஜூலைக் கலவரத்தின் புகை அடங்க முதலே, ஆறாவது திருத்தத்தை நிறைவேற்றியது. பிரிவினைக்கு எதிராகச் சத்தியம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி எம்பிமார் ஆசனங்களை இழந்தார்கள். திருகோணமலைத் தொகுதியின் இரா. சம்பந்தனும் அதில் ஒருவர். லாம்பு வெல்லாமல் இருந்திருந்தால் 1983இல் பொதுத்தேர்தல் ஒன்று வந்திருக்கும். வரலாறு வேறு பக்கம் திரும்பியிருக்குமா எண்டு யாராலும் சொல்ல முடியாது. ஆனால் கதைக்கக்கூடிய ஒரு இடமாவது திறந்திருந்திருக்கும்.

எங்களுக்கெண்டு எழுதப்பட்ட வாக்கெடுப்பு

இனி இரண்டாவது. 1987 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜே.ஆரும் இந்திய - இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். வடக்கையும் கிழக்கையும் தற்காலிகமாக ஒரே அலகாக இணைப்பது எண்டு அதில் இருந்தது. "தற்காலிகமாக" என்ற சொல்தான் முக்கியம். 1988 டிசம்பர் 31ஆம் திகதிக்கு முதல் கிழக்கு மாகாணத்தில் ஒரு வாக்கெடுப்பு நடக்கும். வடக்கோடு சேர்ந்தே இருப்பதா, தனி மாகாண சபையோடு இருப்பதா எண்டு கிழக்கு மக்கள் முடிவு செய்வார்கள்.

ஒப்பந்தத்தை எடுத்து வாசித்தால் ஆச்சரியமாக இருக்கும். இதைப் பற்றி அவ்வளவு விபரமாக எழுதியிருக்கிறார்கள். சாதாரணப் பெரும்பான்மை போதும். இன வன்முறையால் இடம்பெயர்ந்தவர்களுக்கும் வாக்குரிமை உண்டு. பிரதம நீதியரசர் தலைமையில் மூவர் குழு கண்காணிக்கும். அதில் ஒருவர் கிழக்கின் தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகளால் பெயர் குறிக்கப்படுவார். இவ்வளவையும் எழுதிவிட்டு ஒரு சின்ன வசனத்தையும் சேர்த்தார்கள்: ஜனாதிபதி விரும்பினால் வாக்கெடுப்பைத் தள்ளிப்போடலாம்.

1987 நவம்பரில் 13ஆவது திருத்தமும் மாகாண சபைகள் சட்டமும் வந்தன. அந்தத் திருத்தத்துக்குச் சர்வஜன வாக்கெடுப்பு தேவையா எண்டு உயர் நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் பிளவுபட்டார்கள். சில பிரிவுகளைத் திருத்தி, மக்களிடம் கேட்காமலே நிறைவேற்றினார்கள். நிறைவேற்றியது எந்தப் பாராளுமன்றம்? அதே லாம்புப் பாராளுமன்றம்தான், கூட்டணி உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல். எங்களுக்கு இருக்கிற ஒரேயொரு அதிகாரப் பகிர்வு, எங்கட பிரதிநிதிகள் இல்லாத சபையில் பிறந்தது.

1988 செப்டெம்பரில் இரண்டு மாகாணங்களும் பிரகடனத்தால் இணைக்கப்பட்டன. நவம்பரில் தேர்தல். புலிகள் புறக்கணிக்கச் சொன்னார்கள். கிழக்கின் 35 ஆசனங்களில் ஈபிஆர்எல்எப் 17, முஸ்லிம் காங்கிரஸ் 17, ஐக்கிய தேசியக் கட்சி 1. வரதராஜப்பெருமாள் முதலமைச்சர். தலைநகரம் எங்கட திருமலை. 1990 மார்ச்சில் இந்தியப் படையின் கடைசி ஆக்களும் எங்கட துறைமுகத்திலிருந்து கப்பல் ஏறினார்கள். சபையும் அதோடு முடிந்தது. இணைந்த மாகாணம் ஆளுநரின் கீழ் இழுபட்டுக்கொண்டே போனது.

வாக்கெடுப்பு? தள்ளிப்போடப்பட்டது. அடுத்த வருடமும், அதற்கடுத்த வருடமும். ஜனாதிபதிகள் மாறினார்கள், ஒத்திவைப்பு மட்டும் மாறவில்லை. கடைசியில் 2006 ஒக்டோபர் 16ஆம் திகதி, ஜேவிபி சார்பாகப் போடப்பட்ட மனுக்களில், 1988 இணைப்புப் பிரகடனம் செல்லாது எண்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயுதங்கள் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற சட்ட நிபந்தனையை அவசரகால விதிகளால் மாற்றியது பிழை என்பது காரணம். 2007 ஜனவரி 1 முதல் இரண்டு மாகாணமும் பிரிந்தன.

இணைத்தது ஒரு பிரகடனம், பிரித்தது ஒரு தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் 18 வருடம். அதில் ஒருநாள்கூடக் கிழக்கு மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஏன் நடக்கவில்லை?

"கொழும்பு ஏமாத்திப் போட்டுது" எண்டு சொல்லி முடிக்கலாம். அதில் உண்மையும் இருக்கு. யுத்தம் நடந்ததும் உண்மை. ஆனால் அது முழு உண்மை இல்லை எண்டு நாங்கள் நினைக்கிறோம்.

1981 கணக்கெடுப்பில் கிழக்கில் தமிழர் ஏறத்தாழ 42 வீதம், முஸ்லிம்கள் 32 வீதம், சிங்களவர் 25 வீதம். திருகோணமலை மாவட்டத்தை மட்டும் எடுத்தால் மூன்று சமூகமும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. தமிழர் மட்டும் வாக்குப் போட்டு இணைப்பை வெல்ல முடியாது, முஸ்லிம்களின் சம்மதம் வேணும். அந்தச் சம்மதத்தைக் கேட்க வேண்டிய காலத்தில்தான், 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அதுக்குப் பிறகு எந்த முகத்தோடு "எங்களோடு சேர்ந்து இருங்கோ" எண்டு வாக்குக் கேட்பது?

மறுபக்கம், தமிழருக்கு இருந்த பயமும் கற்பனை இல்லை. கந்தளாய், அல்லை எண்டு அரசு திட்டமிட்ட குடியேற்றங்களால் மாவட்டத்தின் கணக்கு மாறுவதை எங்கட தாத்தாமார் கண்ணால் கண்டவர்கள். மாற்றப்பட்ட கணக்கை வைத்துக்கொண்டு "வாக்குப் போட்டுப் பார்ப்பம்" எண்டால் அது நியாயமா எண்டு அவர்கள் கேட்டது சரியான கேள்வி. ஆனால் அந்தக் கேள்வி மெல்ல மெல்ல இன்னொன்றாக மாறியது: வாக்கெடுப்பு வந்தால் தோப்பம், வராமலே இருக்கட்டும். கொழும்பு தள்ளிப்போட்டபோது எங்கட பக்கத்திலும் பலருக்கு உள்ளுக்குள் நிம்மதி. கேட்காமலே கிடைத்தது, கேட்காமலே போனது.

இப்படியான கேள்வியை நேராகக் கேட்ட இடம் ஒன்று இருக்கு. கோவா. மகாராட்டிரத்தோடு இணைவதா, தனியாக இருப்பதா எண்டு 1967 ஜனவரி 16ஆம் திகதி கோவாவில் மக்களிடம் கேட்டார்கள். அங்கேயும் சின்னங்கள்தான்: இணைய விரும்பினால் பூ, தனியாக இருக்க இரட்டை இலை. இணைப்பை ஆதரித்த முதலமைச்சர் பந்தோத்கர், வாக்கெடுப்பு நேர்மையாக நடக்க வேண்டும் என்பதற்காக முதலே பதவி விலகினார். இரட்டை இலை 54 வீதத்தோடு வென்றது. அடுத்த தேர்தலில் அதே பந்தோத்கரை மக்கள் திரும்பவும் முதலமைச்சராக்கினார்கள். கேள்வியில் தோற்றவர் அரசியலில் தோற்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

துறைமுகத்தைப் பற்றிய வாக்குறுதி மட்டும்

ஒப்பந்தம் கைச்சாத்தான அதே நாளில் இரண்டு தலைவர்களும் கடிதங்களும் பரிமாறிக்கொண்டார்கள். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவின் நலனுக்குப் பாதகமாக வேறு நாடுகளின் இராணுவப் பாவனைக்குக் கொடுக்கக்கூடாது எண்டும், எண்ணெய்த் தாங்கிகளை இரு நாடும் கூட்டாகப் புனரமைக்க வேண்டும் எண்டும் அதில் இருந்தது. சீனன்குடாப் பக்கம் போனால் காட்டுக்குள் தெரியுமே, வெள்ளைக்காரன் கட்டின அந்தத் தாங்கிகள்தான்.

2022 ஜனவரியில் அதுக்கு உடன்படிக்கை வந்தது. 99 தாங்கிகளில் 61 கூட்டு நிறுவனத்துக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 லங்கா ஐஓசிக்கு. 2025 ஏப்ரலில் ஐக்கிய அரபு எமிரேட்ஸும் சேர்ந்து, திருமலையை எரிசக்தி மையமாக்க மூன்று நாட்டு உடன்பாடு. 35 வருடம் கழிந்தும் தாங்கிகளை ஒருவரும் மறக்கவில்லை. அதே நாளில் எழுதப்பட்ட மக்களின் வாக்குரிமையை யாரும் நினைவுபடுத்தவில்லை. எங்கட ஊரில் இரும்புக்கு இருக்கிற பெறுமதி எங்களுக்கு இல்லையா எண்டு கேட்கத் தோன்றுகிறது.

இனி எங்கட முறை

கிழக்கு மாகாண சபையின் காலம் 2017இல் முடிந்தது. அதுக்குப் பிறகு தேர்தல் இல்லை. வாக்கெடுப்பு மட்டுமில்லை, சாதாரண மாகாணத் தேர்தலில்கூட எங்களில் பலர் ஒரு தடவையும் வாக்களித்ததில்லை.

புதிய அரசியலமைப்பு ஒன்று கொண்டுவந்து, சர்வஜன வாக்கெடுப்புக்கு விடுவோம் எண்டு 2024இல் ஆட்சிக்கு வந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் 225இல் 159 ஆசனங்கள் இருக்கு. அந்த நாள் வந்தால் எங்கட கையிலும் ஒரு வாக்குச்சீட்டு இருக்கும்.

அண்டைக்கு மூன்று விசயங்களைப் பாருங்கோ. முதலாவது, கேள்வி என்ன? 1982இல் கேட்டது ஒரு சட்டமூலத்தின் பெயரை. அதுக்குள் என்ன இருக்கு எண்டு தெரியாமலே லட்சக்கணக்கானோர் சின்னத்துக்குப் போட்டார்கள். இரண்டாவது, எதிர்த்துக் கதைக்க இடம் இருக்கா? அச்சகத்துக்குச் சீல் வைத்துவிட்டுக் கேட்கிற கேள்வி, கேள்வியே இல்லை. மூன்றாவது, யார் எண்ணப்படுகிறோம்? முழு நாடும் ஒரே தொகுதி எண்டால் எங்கட "இல்லை" கரைந்து போகும். எங்களை மட்டும் பாதிக்கிற விசயத்துக்கு எங்களிடம் தனியாகவும் கேட்க வேணும் எண்டு இப்பவே சொல்ல வேணும்.

நாலாவதாக ஒன்று. இது அரசாங்கத்திடம் கேட்பதில்லை, எங்களிடமே கேட்பது. 2012 கணக்கெடுப்பில் திருகோணமலை மாவட்டத்தில் முஸ்லிம்கள் ஏறத்தாழ 40 வீதம், தமிழர் 30 வீதத்துக்குச் சற்று மேல், சிங்களவர் 27 வீதம். இங்கே யாரும் தனியாக எதையும் வெல்ல முடியாது. மூதூரில் இருக்கிற பெடியன் என்ன நினைக்கிறான், சேருவிலயில் இருக்கிற பிள்ளைக்கு என்ன பயம் எண்டு எங்களுக்குத் தெரியுமா? அதைத் தெரிந்துகொள்ள எந்த ஜனாதிபதியின் பிரகடனமும் தேவையில்லை. ஒரு பஸ் ரிக்கெட் போதும்.