டி.சி. என்கிற இரண்டெழுத்து

இந்தூருக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. போன மாதம் எங்கள் கிளையின் செக்யூரிட்டி, பீகார்க்காரர், ஒரு வெள்ளைத்தாளோடு என் மேஜைக்கு வந்தார். ஆறாவது படிக்கும் அவர் பையன் பள்ளியில் சண்டை போட்டானாம். "சொந்தக் காரணத்துக்காக டி.சி. வாங்கிக்கொள்கிறேன் என்று எழுதித் தரச் சொல்கிறார்கள் சார்." கூடச் சண்டை போட்ட காண்டிராக்டர் மகன் மூன்றே நாளில் வகுப்புக்குத் திரும்பிவிட்டான்.

பி.காம். படித்தவனுக்குச் சட்டம் எங்கே தெரியும்? அன்று இரவு உட்கார்ந்து தேடினேன்.

1985 ஜூலை, கேரளா. யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள். மத நம்பிக்கையால் பாடவில்லை. பள்ளியை விட்டே அனுப்பிவிட்டார்கள். உயர்நீதிமன்றமும் கைவிட்டது. 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அடிப்படை உரிமையைக் கட்டுப்படுத்த சட்டம் வேண்டும், கல்வித்துறை சர்க்குலர் போதாது என்பது தீர்ப்பின் ஒரு முக்கியக் காரணம். சர்க்குலரே வேதம் என்று வாழும் எங்களுக்கு இது நன்றாகவே உறைக்கும்.

ஆனால் எத்தனை பேரால் டெல்லி வரை போக முடியும்? அதற்குத்தான் சட்டம் தேவைப்பட்டது. 2002ல் 86வது திருத்தம், 6 முதல் 14 வயது வரை கல்வியை அடிப்படை உரிமை ஆக்கியது. 2009ல் கல்வி உரிமைச் சட்டம் வந்து, 2010 ஏப்ரல் 1ல் அமலானது. அதன் 16வது பிரிவு: எட்டாவது முடிக்கும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது. 2019 திருத்தம் ஐந்திலும் எட்டிலும் ஃபெயிலாக்க வழி விட்டது. நீக்கக்கூடாது என்பதைத் தொடவில்லை.

ஓட்டைகளும் உண்டு. 2014 தீர்ப்பு சிறுபான்மைப் பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது. சஸ்பென்ஷன் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. அந்தக் கேரளப் பிள்ளைகள் படித்தது பத்து, ஒன்பது, ஐந்து. இந்தப் பிரிவு அன்றே இருந்திருந்தாலும் கடைக்குட்டியை மட்டும்தான் காப்பாற்றியிருக்கும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய ஓட்டை அந்த வெள்ளைத்தாள்தான். பெற்றவரே எழுதிக் கொடுத்துவிட்டால் அது நீக்கம் இல்லை, விருப்பம்! வற்புறுத்தி வாங்கியது என்று பிறகு யார் நிரூபிப்பது?

16வது பிரிவைக் காட்டி, பள்ளிக்கு இந்தியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். "நான் வெளியூர்க்காரன் சார், கேட்பார்களா?" என்றார். "நானும் வெளியூர்தான்" என்றேன். பையன் இப்போது வகுப்பில் இருக்கிறான்.

ஊர் விட்டு ஊர் வந்து பிள்ளைகளைப் படிக்க வைக்கும் நம்மவர்களுக்கு ஒன்றே ஒன்று. அந்தத் தாளை நீட்டினால், உடனே கையெழுத்துப் போடாதீர்கள்.