கழுவெளிக் கரையில் ஒரு டேரா

கனடாவுல இருக்கிற நண்பன் போன மாசம் சில போட்டோ அனுப்பியிருந்தான். பெரிய ஏரி. கரையில பாறை, பாறைக்கு நடுவுல மணல், மணல் மேல மஞ்சள் கலர்ல ஒரு கூடாரம், பக்கத்துல கவுத்துப் போட்ட சின்னப் படகு. துடுப்பு போட்டே போய் ரெண்டு ராத்திரி தங்கிட்டு வந்தானாம். கீழே ஒரு வரி: "உங்க கிளியனூர்ல இதெல்லாம் உண்டாடா?"

கேட்டதோட விட்டிருந்தா பரவாயில்ல, கூடவே ஒரு நக்கல் ஸ்மைலி வேற :-) அதனாலதான் இந்தப் பதிவு. கொசுவத்தி கொஞ்சம் நீளமாவே சுத்தும், பொறுத்துக்குங்க மக்களே.

மொதல்ல இடம். திண்டிவனத்துல இருந்து பாண்டிச்சேரி போற ரோட்டுல இருக்கு கிளியனூர். அங்கேருந்து கிழக்கே ஒரு மணி நேரம் சைக்கிள் மிதிச்சா கழுவெளி வந்துடும். ஏரின்னு சொல்றோமே தவிர, அது ஏரியும் இல்ல, கடலும் இல்ல. சுத்துப்பட்டு ஏரிகள்ல வழியுற மழைத்தண்ணி ஒரு பக்கம் வரும். இடையன்திட்டு முகத்துவாரம் வழியா கடல்தண்ணி இன்னொரு பக்கம் ஏறும். நல்ல தண்ணியும் உப்புத் தண்ணியும் கலந்து நிக்கிற இடம். தென்னிந்தியாவுல பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி இதுதான்னு சொல்லுவாங்க.

இந்தப் பக்கம் ஊர் ஊரா நடந்து, ராத்திரி தங்கி, சாப்பிட்டுப் போறது ஒண்ணும் புதுசு இல்ல. பத்துப்பாட்டுல சிறுபாணாற்றுப்படைன்னு ஒண்ணு இருக்கே, நல்லூர் நத்தத்தனார் பாடினது, அது எங்க வட்டாரத்துப் பயண நூல்தான். ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பார்க்கப் போற பாணர் கூட்டத்துக்கு வழி சொல்லுது. அதுல வர்ற எயிற்பட்டினம் இன்னிக்கு மரக்காணம், கிடங்கில் இன்னிக்குத் திண்டிவனத்தோட சேர்ந்த பகுதின்னு ஆராய்ச்சிக்காரங்க சொல்றாங்க. கடற்கரைக் குடியில தங்கினா சுட்ட மீன் கிடைக்கும்கிற தகவல் கூட அதுல உண்டு.

சரி, படகு எங்கேன்னு கேப்பீங்க. அதுக்குத்தான் வர்றேன்.

எங்க தாத்தா ரெண்டாம் உலக யுத்த காலத்துல வாலிபப் பையன். பெட்ரோல் கிடைக்காம பஸ்ஸெல்லாம் கரி போட்டு ஓடின காலம். எங்க பக்கத்துல சவுக்கு ஜாஸ்தி. மெட்ராஸ்ல அடுப்பு எரியணும்னா சவுக்குக் கட்டை போயாகணும். மாட்டு வண்டியில மரக்காணம் வரைக்கும் கொண்டுபோய், அங்க பக்கிங்காம் கால்வாயில தோணி ஏத்தி அனுப்புவாங்க. உப்பும் அப்படித்தான் போகும். தாத்தா சில தடவை தோணியோடயே மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கார்.

"ரோட்டுல போறதை விட தண்ணியில போறது சுலுவுடா"ன்னு சொல்லுவார். காத்து இருந்தா பாய் கட்டுவாங்களாம். காத்து இல்லேன்னா கழி ஊன்றித் தள்ளணும். அதுவும் முடியலேன்னா ஆளுங்க கரையில இறங்கி, கயித்தைத் தோள்ல மாட்டிக்கிட்டு இழுக்கணும். ஓதம் ஏறலேன்னா காத்திருக்கணும். பொழுது சாய்ஞ்சதும் கரையில கட்டிட்டு, மணல்ல மூணு கல்லு வச்சுக் கஞ்சி காய்ச்சி, பாய்மரத் துணியையே மேல இழுத்துக் கட்டிப் படுத்துடுவாங்க. கடப்பாக்கம், சதுரங்கப்பட்டினம், மாமல்லபுரம், கோவளம்னு ஒவ்வொரு ராத்திரி ஒவ்வொரு கரை. நண்பா, கனடாவுல நீ காசு கொடுத்துப் பண்ணினதை எங்க தாத்தா கூலி வாங்கிக்கிட்டுப் பண்ணியிருக்கார்!

இந்த வரியோட பதிவை முடிச்சிருக்கலாம். ஆனா அந்தக் கால்வாய் எப்படி வந்துச்சுன்னு படிக்க ஆரம்பிச்சதும் சிரிப்பு நின்னுபோச்சு.

ஆரம்பிச்சது ஒரு தனி ஆள், பேசில் காக்ரேன்னு ஒரு வியாபாரி. 1806ல மெட்ராஸ்ல இருந்து எண்ணூர் வரைக்கும் வெட்டினது. அப்புறம் 1837ல அரசாங்கம் எடுத்துக்கிச்சு. வடக்கே ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் வரைக்கும், தெற்கே மரக்காணம் வரைக்கும் நீட்டிக்கிட்டே போனாங்க. மொத்தம் சுமார் 420 கிலோமீட்டர். மெட்ராஸ் ஊருக்குள்ள, கூவத்துக்கும் அடையாறுக்கும் நடுவுல 8 கிலோமீட்டர் மட்டும் பாக்கி இருந்துச்சு. அதை வெட்டி வடக்கையும் தெற்கையும் சேர்த்தது 1877-78ல. கவர்னரா இருந்த பக்கிங்காம் பிரபு பேரை 1878ல வச்சாங்க.

வருஷத்தைக் கவனிச்சீங்களா? எங்க ஊர்க் கிழவிங்க "தாது வருஷப் பஞ்சம்"னு சொல்லுவாங்களே, அதேதான். அந்த 8 கிலோமீட்டர், பஞ்ச நிவாரண வேலை. பசியில செத்துக்கிட்டு இருந்த ஜனங்களை மண்ணு வெட்டச் சொல்லி, கூலியாத் தானியம் கொடுத்து வெட்டின கால்வாய்.

கூலி எவ்வளவு? 1877 ஜனவரியில வைஸ்ராய் லிட்டன் அனுப்பி வச்ச சர் ரிச்சர்ட் டெம்பிள் வந்து பார்த்துட்டு, செலவு ஜாஸ்தின்னு குறைச்சார். நாள் முழுக்க வேலை செய்யற ஒரு ஆம்பளைக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஒரு அணா. ஒரு பவுண்டுன்னா அரைக் கிலோ கூடக் கிடையாது. பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் அதை விடக் குறைச்சல். மெட்ராஸ் சுகாதாரக் கமிஷனரா இருந்த டாக்டர் கார்னிஷ், இதைத் தின்னு வேலை செஞ்சா மனுஷன் தாங்க மாட்டான்னு எழுதி எழுதிச் சண்டை போட்டார். சில மாசம் கழிச்சுத்தான் அளவைக் கூட்டினாங்க. அந்தப் பஞ்சத்துல, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியில மட்டும் செத்தவங்க 50 லட்சத்துக்கு மேலன்னு கணக்கு.

இதுல என்னை உறுத்தினது ஒண்ணு. அதே 1877 ஜனவரி 1ந் தேதி டெல்லியில தர்பார். விக்டோரியா ராணியைச் சக்கரவர்த்தினின்னு அறிவிக்க, ஒரு ஊர் அளவுக்குக் கூடாரம் அடிச்சு, ராஜாக்களும் கவர்னர்களும் வந்து தங்கினாங்க. அதுக்கும் கேம்ப்னுதான் பேரு. இங்க பஞ்சத்துல வந்தவங்க அடைஞ்சு கிடந்த கீத்துக் கொட்டகைகளுக்கும் கேம்ப்னுதான் பேரு. அங்க விருந்து, இங்க காலரா.

எங்க குடும்பத்துல ஒரு பேச்சு உண்டு. தாத்தாவோட பாட்டிக்கு ஒரு அண்ணன் இருந்தாராம், தாது வருஷத்துல "மண்ணு வேலைக்குப் போறேன்"னு கிளம்பினவர் திரும்பவே இல்லையாம். எந்த வேலைத்தலம், எந்தக் கேம்ப், எதுவும் கிடையாது. பேர் கூட எங்களுக்கு மிச்சமில்ல. தாத்தா தோணியில மெட்ராஸ் எல்லையைத் தாண்டும்போது தண்ணியை அள்ளிக் கண்ணுல ஒத்திக்குவாராம். சாமி கும்பிடறார்னு கூட வந்தவங்க நினைச்சிருப்பாங்க.

1965, 66, 76 புயல்கள்ல கால்வாய் சேதமாகி, போக்குவரத்து அத்துப்போச்சு. சென்னைக்குள்ள அது மேலயே தூண் நட்டுப் பறக்கும் ரயில் விட்டாங்க. 2008ல காக்கிநாடாவுல இருந்து புதுச்சேரி வரைக்கும் தேசிய நீர்வழி எண் 4ன்னு அறிவிச்சாங்க, அந்தப் பட்டியல்ல நம்ம கழுவெளியும் இருக்கு. பட்டியல்ல இருக்கிறதைப் படிச்சுட்டு, சவுக்குத் தோணி திரும்ப வரும்னு ஒரு நிமிஷம் கனவு கண்டேன், அவ்வளவுதான்.

போட்டோவைப் பார்த்த வேகத்துல நானும் ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பிட்டேன். கழுவெளியில டேரா போட முடியாது. 2021 டிசம்பர்ல பறவைகள் சரணாலயமா அறிவிச்சுட்டாங்க, 5,151 ஹெக்டேர். நியாயந்தான், பூநாரை நிக்கிற இடத்துல நமக்கென்ன வேலை. அதனால வடக்கே ஆலம்பரைக் கோட்டைக்குப் போனேன். 1750ல பிரெஞ்சுக்காரங்க கைக்கு வந்து, 1760ல இங்கிலீஷ்காரங்க பிடிச்சு இடிச்ச கோட்டை. 2004 சுனாமி மிச்சத்தையும் அசைச்சுப் பார்த்துச்சு. உடைஞ்ச செங்கல் சுவர் கட்டி கட்டியா மணல்ல கிடக்கு, தூரத்துல இருந்து பார்த்தா நண்பனோட கனடாப் பாறை மாதிரியே இருக்கு. மீனவர் ஒருத்தர் படகுல ஏத்திக்கிட்டு உப்பங்கழியைத் தாண்டி எதிர்த்தாப்புல மணல்திட்டுல இறக்கி விட்டார். கூடாரம் இல்ல. வேட்டியை ரெண்டு கழியில கட்டி நிழல் பண்ணிக்கிட்டு, கட்டுச்சோத்தைப் பிரிச்சு, சாயங்காலம் வரைக்கும் உக்காந்திருந்தேன்.

நண்பனுக்குப் பதில் போட்டுட்டேன்: "உண்டுடா. படகு, மணல், டேரா எல்லாமே உண்டு. ஆனா இந்தக் கரையில படுத்தவங்க எல்லாரும் ஆசைப்பட்டு வந்து படுத்தவங்க இல்ல."

உங்க வீட்டுப் பெரியவங்க யாராவது தாது வருஷம், கால்வாய்த் தோணின்னு பேச்செடுத்திருந்தா, தயவு செஞ்சு உங்க பக்கத்துல ஒரு பதிவாப் போட்டு வைங்க. பேர் ஞாபகம் இருந்தா பேரோட எழுதுங்க. எங்க வீட்டுல அதைத்தான் தொலைச்சுட்டோம்.