ரப்பர் மரமும் அதன் பகைவனும்

மலாயாவில் ரப்பர் மரம் செழித்ததை மண்ணின் அதிர்ஷ்டமென்றும் தெய்வத்தின் அருளென்றும் சொல்வார் உளர். சரித்திரம் காட்டும் காரணமோ வேறு.

அம்மரம் இந்நாட்டுக்குரியதன்று. அதன் தாயகம் அமேசான் காடு. 1876இல் ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர், பிரேசில் தேசத்திலிருந்து சுமார் 70,000 விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டுசென்றார். மறு ஆண்டில் 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன.

தாயகத்திலே அம்மரத்தின் இலைகளைக் கருக்கும் பூசணம் ஒன்றுண்டு. காட்டினூடே ஒன்றுக்கொன்று தொலைவில் நிற்பதனாலேயே அங்கு மரங்கள் பிழைக்கின்றன. மோட்டார் வண்டி முதலாளி ஹென்றி ஃபோர்டு, 1928இல் தொடங்கி அங்கே தோட்டமிட்டு மரங்களை நெருக்கி நடுவித்தார். இலைக்கு இலை நோய் தாவிற்று. 1945இல் அம்முயற்சி கைவிடப்பட்டது.

இங்கோ மரம் வந்தது, பகைவன் வரவில்லை. அதனாலன்றோ வரிசை வரிசையாக நெருங்கி நின்றும் வாழ்ந்தது! அவ்வாழ்வுக்கு விலை கொடுத்தது காடு. பலநூறு வகை மரங்களும் யானையும் புலியும் வாழ்ந்த இடத்தை ஒரே மரம் கைக்கொண்டது. அதைப் பேணி வளர்த்தவருள் நம் முன்னோர் பல்லாயிரவர்.

அப்பூசணம் இன்றுவரை இக்கரை சேரவில்லை. சேருமாயின், ஓரின மரமே நிற்கும் தோட்டம் தாங்குமா? ஆகவே, அயல்நாட்டுச் செடியொன்றைப் பெட்டியில் மறைத்துக் கொணர்வதைச் சிறு பிழையென எண்ணற்க. துறைமுகத்தில் அதைச் சோதித்துத் தடுப்பவரை ஏசவும் வேண்டா. தோட்டத்தைக் காப்பது அதிர்ஷ்டமன்று. காரணமறிந்து நடக்கும் எச்சரிக்கையே.