எடைக்குப் போன காதல் கதைகள்

1896இல் நியூயார்க்கில் பிராங்க் மன்சி என்ற பதிப்பாளர் தன் ‘ஆர்கசி’ இதழை முழுக்கக் கதைக்கென்றே ஒதுக்கினார். கட்டுரை இல்லை, படம் இல்லை. இருநூறு பக்கத்துக்குச் சற்றுக் குறைவாகக் கதை மட்டுமே. விலை பத்து சென்ட். அந்த விலை கட்டுப்படியாவதற்காக, கிடைத்ததிலேயே மட்டமான மரக்கூழ்த் தாளைத் தேர்ந்தெடுத்தார். வாங்குகிறவன் கதைக்குத்தான் காசு கொடுக்கிறான், தாளுக்கு இல்லை என்பது அவருடைய கணக்கு. கணக்கு பொய்க்கவில்லை. 1907 வாக்கில் ‘ஆர்கசி’ ஐந்து லட்சம் பிரதிகளை எட்டியது; போட்டிக்கு மற்ற பதிப்பாளர்களும் இறங்கினார்கள்; அந்தத் தாளின் பெயரே அந்த இதழ்கள் அனைத்துக்குமான பெயராகி, ‘பல்ப்’ என்று நிலைத்தது. அந்தத் தாள் பிறக்கும்போதே நோயோடு பிறந்தது. 1840களில் ஜெர்மனியின் கெல்லர் மரத்தை அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டபின் தாள் மலிவாயிற்று. ஆனால் அரைத்த மரத்தில் லிக்னின் அப்படியே தங்கிவிடும். மை ஊறாமல் இருக்கச் சேர்த்த படிகாரமும் பிசினும் காலப்போக்கில் தாளுக்குள் அமிலத்தைக் கூட்டும். முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும், பிறகு விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கும். மாதம் ஒரு முறையோ வாரம் ஒரு முறையோ வாங்கி, ரயிலில் படித்து, இருக்கையிலேயே விட்டுப்போக வேண்டிய பண்டம் அது. செய்தவர்களும் வாங்கியவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள்.

இப்படி அழிவதற்கென்றே செய்த பண்டம் எப்படிப் பிழைத்தது என்று கேட்டால், சேகரிப்பாளர்கள் காப்பாற்றினார்கள் என்பதே வழக்கமான பதில். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. சேகரிப்பாளர்கள் எல்லாவற்றையும் காப்பாற்றவில்லை. தங்களுக்குப் பிடித்ததைக் காப்பாற்றினார்கள். பல்ப் இதழ்களின் வரலாறு என்று இன்று நாம் படிப்பது, அந்த இதழ்களை அக்காலத்தில் வாங்கிப் படித்த லட்சக்கணக்கானவர்களின் வரலாறு அன்று. அவற்றைப் பரணில் அடுக்கிவைத்த சில ஆயிரம் பேருடைய ரசனையின் வரலாறு அது. இரண்டையும் ஒன்றாக்கிக் கொண்டதால் ஒரு பெரிய வாசகர் கூட்டமே நம் கண்ணிலிருந்து மறைந்துபோயிற்று.

இரண்டு இதழ்களை எடைபோட்டுப் பார்க்கலாம். 1923 மார்ச்சில் தொடங்கிய ‘வியர்ட் டேல்ஸ்’ பேய்க்கதைக்கும் விபரீதக் கதைக்கும் பேர்போனது. லவ்கிராஃப்டும் கோனானைப் படைத்த ராபர்ட் ஹோவர்டும் எழுதிய இடம். இன்று பல்ப் என்றதும் பலருக்கு நினைவில் எழுவது அதன் அட்டைகள்தாம். ஆனால் அது வெளிவந்த 31 ஆண்டுகளில் பெரும்பாலும் கடனில் தத்தளித்தது. எழுதியவர்களுக்குப் பணம் கைக்கு வருவதற்குள் கதையே மறந்துபோகும். அதன் விற்பனை ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருக்காது என்பதே ஆய்வாளர்களின் மதிப்பீடு. அடுத்தது ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் நிறுவனம் 1921இல் தொடங்கிய ‘லவ் ஸ்டோரி மேகசின்’. 1928இலிருந்து டெய்சி பேக்கன் என்ற பெண்மணி அதன் ஆசிரியர். அது வாரந்தோறும் வந்தது. உச்சத்தில் ஆறு லட்சம் பிரதி விற்றதாகச் சொல்கிறார்கள். பொருளாதார மந்தத்தில் வேலை தேடி அலைந்த, வேலைக்குப் போய்ச் சம்பாதித்த பெண்கள் அதன் பக்கங்களில் கதாநாயகிகளானார்கள்; அதே போன்ற பெண்கள் அதை வாங்கிப் படித்தார்கள். 1947இல் அது நிற்கும்போது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இதழ்கள் வெளிவந்திருந்தன. ‘வியர்ட் டேல்ஸ்’ மொத்தமே 279 இதழ்கள். அந்த 279ஐயும் முழுத் தொகுப்பாக வைத்திருப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு இதழின் ஒவ்வொரு கதைக்கும் அட்டவணை உண்டு. ‘லவ் ஸ்டோரி’க்கு அப்படிப் பசித்துத் தேடுகிறவர் கூட்டம் உருவாகவே இல்லை. ஒரு காலத்தில் பத்து மடங்குக்கும் மேல் விற்றது இன்று துணைக்குறிப்பாகச் சுருங்கிக் கிடக்கிறது. விளையாட்டுக் கதை இதழ், ரயில்வே கதை இதழ், பண்ணைக் காதல் இதழ் என்று அக்காலப் பெட்டிக்கடைகளில் தொங்கிய இன்னும் பலவற்றின் கதியும் ஏறக்குறைய இதுவே.

இந்த வேறுபாடு எங்கே தொடங்கிற்று என்பதற்கு நல்ல தடயம் இருக்கிறது. 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ தொடங்கிய ஹியூகோ கெர்ன்ஸ்பேக், அதில் வாசகர் கடிதங்களை அனுப்பியவரின் முழு முகவரியோடு அச்சிட்டார். அதனால் என்ன ஆகும் என்று அவரே யோசித்திருப்பாரோ என்னவோ. வாசகர்கள் ஆசிரியரை விட்டுவிட்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். கடிதம் சங்கமாயிற்று, சங்கம் கையெழுத்துப் பிரதி போலச் சொந்த இதழ் நடத்திற்று, 1939 ஜூலையில் நியூயார்க்கில் உலக மாநாடு என்று பெயரிட்டே கூடினார்கள். பேச வேண்டுமென்றால் பழைய இதழ் கையில் இருக்க வேண்டும். எந்தக் கதை எந்த மாதம் வந்தது என்று வாதிட வேண்டும். விட்டுப்போன இதழைத் தேடும் வெறி அங்கேதான் பிறந்தது. 1952இல் டொனால்ட் டே என்ற ரசிகர் 1926 முதல் 1950 வரையிலான அறிவியல் புனைகதை இதழ்களுக்கு முழு அட்டவணை வெளியிட்டார். எந்தப் பல்கலைக்கழகமும் கேட்காத வேலை அது. அட்டவணை வந்ததும் எது தன்னிடம் இல்லை என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்துவிட்டது. சேகரிப்பவனுக்கு அதைவிடப் பெரிய தூண்டுதல் வேறில்லை. இங்கிலாந்தில் சிறுவனாக இருந்தபோது ‘அஸ்டவுண்டிங்’ இதழைத் தேடித்தேடிப் படித்த ஆர்தர் சி. கிளார்க், பிற்பாடு கொழும்பில் குடியேறிப் பல பத்தாண்டுகள் கழித்து, 1989இல், அந்த இதழ்களின் நினைவாக ‘அஸ்டவுண்டிங் டேஸ்’ என்று ஒரு புத்தகமே எழுதினார். காதல் கதை வாசகியருக்கு இப்படி ஒரு வலை அமையவில்லை. அவர்கள் படித்ததைத் தோழிக்குக் கொடுத்தார்கள், தோழி தங்கைக்குக் கொடுத்தாள், அட்டை கிழிந்ததும் அடுப்புக்கோ குப்பைக்கோ போயிற்று. போர்க்காலத்தில் அரசு பழைய தாளைத் திரட்டியபோது அடுக்கடுக்காகப் போனவற்றில் இவையும் அடக்கம். படித்தவர்கள் அன்பில் குறைந்தவர்கள் என்று சொல்ல முடியாது. கைமாறிக் கைமாறித் தேய்ந்த இதழ்தான் அதிகம் படிக்கப்பட்ட இதழ். சேகரிப்பாளர் தேடுவதோ யாரும் படிக்காதது போலிருக்கும் பிரதியை.

நல்ல எழுத்து தானாகவே நிற்கும், மட்டமானது தானாகவே உதிரும், இதில் சேகரிப்பாளருக்கு என்ன பங்கு என்று கேட்பவர்கள் உண்டு. லவ்கிராஃப்டும் துப்பறியும் கதை எழுதிய ஹாமெட்டும் நின்றது எழுத்தின் வலுவால் என்பார்கள். வலு இல்லாமல் நின்றிருக்காது, சரி. ஆனால் வலு மட்டும் போதுமா என்று நடந்ததைப் பார்த்தால் தெரியும். லவ்கிராஃப்ட் உயிரோடிருந்த காலத்தில் அவருக்கென்று வந்த கதைப் புத்தகம் ஒன்றே ஒன்று, 1936இல். அதையும் ஒரு ரசிகர்தான் சில நூறு பிரதிகள் அச்சிட்டார். மறு ஆண்டு லவ்கிராஃப்ட் இறந்தார். அவருடைய கதைகளை எந்தப் பெரிய பதிப்பகமும் ஏற்கவில்லை என்பதால் ஆகஸ்ட் டெர்லெத்தும் டொனால்ட் வாண்ட்ரீயும் 1939இல் ‘ஆர்க்கம் ஹவுஸ்’ என்று சொந்தப் பதிப்பகம் தொடங்கி 1,268 பிரதிகள் போட்டார்கள். அவை விற்றுத் தீரவே சில ஆண்டுகள் ஆயின. டாஷியல் ஹாமெட்டின் ‘மால்டீஸ் ஃபால்கன்’ 1929-30இல் ‘பிளாக் மாஸ்க்’ இதழில் தொடராக வந்து 1930இல் நாஃப் பதிப்பகத்தின் புத்தகமாயிற்று. அது பிழைத்ததில் வியப்பில்லை. ஆனால் அதே இதழில் அவர் எழுதிய சிறுகதைகள்? 1940களில் அவற்றைத் தோண்டியெடுத்துத் தொகுதிகளாக்கியவர் எல்லரி குவீன் என்ற இரட்டைப் புனைபெயரில் பாதியான ஃபிரெடரிக் டானே. துப்பறியும் சிறுகதைத் தொகுதிகளை அவரளவுக்குத் தேடிச் சேர்த்தவர் அன்று அரிது. அந்தச் சேகரம் பின்னாளில் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போயிற்று. ஆக, தரம் தானாக நின்றதாக நாம் காட்டும் உதாரணங்களுக்குப் பின்னாலும் ஒரு சேகரிப்பாளர் நிற்கிறார். ‘லவ் ஸ்டோரி’யில் ஒரு ஹாமெட் இருந்தாரா என்றால், இருந்தார் என்று நான் சொல்லவில்லை. தேடிப்பார்க்க ஒரு டானே அங்கே இருக்கவில்லை என்கிறேன். தேடாத இடத்தில் தரமில்லை என்று தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

நூலகங்களை மறந்துவிட்டாயே என்பது இன்னொரு மறுப்பு. காப்புரிமைச் சட்டப்படி அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்துக்குப் பிரதிகள் போய்ச் சேர்ந்தன. அங்கே ஆயிரக்கணக்கான பல்ப் இதழ்கள் இன்றும் இருக்கின்றன. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித்தின் அலுவலக ஆவணங்கள் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் உள்ளன. இதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஊர்தோறும் இருந்த பொது நூலகங்கள் இந்த இதழ்களைப் படியேற விடவில்லை. பேராசிரியர்கள் அவற்றைப் பாடப்பொருளாகக் கருதவே பல பத்தாண்டுகள் ஆயின. அப்படிக் கருதத் தொடங்கியபோது சேகரங்கள் எங்கிருந்து வந்தன? டொரான்டோவின் மெரில் சேகரம் எழுத்தாளர் ஜூடித் மெரில் 1970இல் கொடுத்த சொந்தப் புத்தகங்களிலிருந்து தொடங்கிற்று. கலிபோர்னியாவின் ரிவர்சைடில் உள்ள ஈட்டன் சேகரம் ஒரு மருத்துவர் சேர்த்த நூல்களிலிருந்து தொடங்கிற்று. நூலகம் காத்தது என்று நாம் எண்ணுவதில் பெரும்பகுதி ஏதோ ஒரு வீட்டின் அலமாரியிலிருந்து வண்டியேறி வந்தது. வீட்டுக்காரர் விரும்பியதே அந்த அலமாரியில் இருக்கும். நூலகம் அந்த விருப்பத்தையும் சேர்த்துத்தான் வாங்கிக்கொண்டது.

சேகரிப்பாளரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் வரவில்லை. ஏற்றுபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்: விலையை ஏற்றிவிட்டார்கள், படிக்க வேண்டியதைப் பூட்டிவைத்தார்கள் என்று. டார்சான் முதன்முதலாக வந்த 1912 அக்டோபர் ‘ஆல் ஸ்டோரி’ இதழ் ஏலத்தில் ஐம்பதாயிரம் டாலரைத் தாண்டியிருக்கிறது. பத்தோ பதினைந்தோ சென்ட்டுக்கு விற்ற பொருள். பிரதிக்கு மதிப்பெண் போட்டு, திறக்க முடியாதபடி பிளாஸ்டிக்கில் முத்திரையிடும் காமிக்ஸ் சந்தையின் பழக்கம் இங்கேயும் எட்டிப்பார்க்கிறது. கதை இதழைப் படிக்க முடியாதபடி அடைப்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே படுகிறது. ஆனாலும் விலை ஏறியதால்தான் பலர் பரணிலிருந்ததைக் குப்பையில் போடாமல் வெளியே எடுத்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சேகரிப்பின் உண்மையான சேதம் வேறு இடத்தில் நடந்தது. ஆரம்பகாலச் சேகரிப்பாளர் சிலர் ‘ஆர்கசி’ போன்ற பலவகைக் கதை இதழ்களிலிருந்து தங்களுக்கு வேண்டிய கற்பனைக் கதைகளை மட்டும் பிரித்தெடுத்து பைண்டு செய்துகொண்டு, மீதியை எறிந்தார்கள். கல்கியிலிருந்து ‘பொன்னியின் செல்வ’னைப் பிரித்து பைண்டு செய்துவைத்த நம் வீடுகளுக்கு இது புரியாத செயலன்று. கதை கிடைத்துவிடும். ஆனால் அதன் பக்கத்தில் அச்சான கௌபாய் கதை, விளம்பரம், ஆசிரியர் குறிப்பு எல்லாம் போய்விடும். ஒரே வாசகன் ஒரே வாரத்தில் செவ்வாய்க் கிரகத்தையும் பண்ணை வீட்டையும் சேர்த்துப் படித்தான் என்ற செய்தியே போய்விடும். பல்ப் என்றால் துப்பறிவாளனும் அசுரனும் மட்டுமே என்ற எண்ணம் வேரூன்ற இந்தக் கத்தரிக்கோலும் ஒரு காரணம்.

இப்போது எல்லாவற்றையும் வருடிப் படமெடுத்து இணையத்தில் ஏற்றுகிறார்களே, இனி இந்தக் குறை தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். ஒரு அளவுக்குத் தீரும். வாங்க வசதியில்லாதவரும் ‘பிளாக் மாஸ்க்’ படிக்கலாம் என்பது சின்ன விஷயமில்லை. ஆனால் படமெடுக்கப் பிரதி வேண்டும். பிரதி யாரிடம் இருக்கிறதோ அவர் எடுத்ததே ஏறும். பழைய சாய்வு புதிய திரையிலும் அப்படியே தொடர்கிறது, கூடவே முழுமை என்ற பொய்த்தோற்றத்தையும் சேர்த்துக்கொண்டு. ஆகவே இந்த இதழ்களைக் கொண்டு வரலாறு எழுதுகிறவர், எது கிடைக்கிறது என்பதோடு அது ஏன் கிடைக்கிறது என்பதையும் கேட்டே ஆக வேண்டும். விற்பனைக் கணக்கு, பதிப்பாளரின் கடிதக் கட்டு, ஆசிரியரின் நினைவுகள் ஆகியவற்றை எஞ்சிய பிரதிகளோடு ஒப்பிட்டால் விடுபட்டதன் உருவம் தெரியும். டெய்சி பேக்கனுக்கு ஒரு முழு வாழ்க்கை வரலாறு 2019இல்தான் வந்தது, அவர் இறந்து 33 ஆண்டுகளுக்குப் பிறகு. லவ்கிராஃப்டைப் பற்றிய நூல்களோ ஓர் அலமாரிக்கு மேல் தேறும்.

தொலைக்காட்சியும் பாக்கெட் புத்தகமும் வந்தபின் பல்ப் இதழ்கள் ஒவ்வொன்றாக நின்றன. ஸ்ட்ரீட் அண்ட் ஸ்மித் 1949இல் தன்னுடையவற்றில் பெரும்பாலானவற்றை மூடியது; ‘வியர்ட் டேல்ஸ்’ 1954இல் மூச்சை விட்டது. எல்லாவற்றுக்கும் பிறகும் தாக்குப்பிடித்த கடைசி பல்ப், சேகரிப்பாளர்கள் பெரிதாகப் பொருட்படுத்தாத ‘ராஞ்ச் ரொமான்சஸ்’ என்ற பண்ணைக் காதல் இதழ். அது 1971இல் நின்றது. பல்ப் சேகரிப்பாளர்கள் தங்கள் முதல் மாநாட்டை அதற்கு மறு ஆண்டு செயின்ட் லூயிஸ் நகரில் கூட்டினார்கள்.