மலையகத் தமிழர் மதிப்பீட்டில் இலங்கை ஜனாதிபதிகள்: மாறிவந்த அளவுகோல்கள்

இலங்கையின் ஜனாதிபதிகளில் சிறந்தவர் யார், மோசமானவர் யார் என்ற கேள்விக்குக் கொழும்பும் யாழ்ப்பாணமும் மலையகமும் ஒரே விடையைத் தருவதில்லை. தெற்கில் போர் வெற்றியையும் பொருளாதாரத்தையும் வைத்து அளக்கிறார்கள். வடக்கில் போர் விட்டுச்சென்ற இழப்புகளை வைத்து அளக்கிறார்கள். மலையகத் தமிழருக்குப் பிரஜாவுரிமை, உயிர்ப் பாதுகாப்பு, நாட்சம்பளம், காணி ஆகிய நான்கும் அளவுகோல்களாக இருந்துள்ளன. ஒன்று ஓரளவு தீர்ந்தபிறகே அடுத்தது முன்னுக்கு வந்ததால், ஒரே ஜனாதிபதியைப் பற்றிய கருத்தும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது.

கண்டி மாவட்டத்தில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் சரிவில் அமைந்த மடுல்கெல்ல போன்ற தோட்டப் பகுதிகளில் இந்த மதிப்பீட்டுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தில் மலையகத் தமிழர் பாதிக்கு மேல். கண்டி மாவட்டத்திலோ பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. பாராளுமன்றத் தேர்தலில் சிதறிப்போகும் இவர்களது வாக்கு, முழு நாடும் ஒரே தொகுதியாகும் ஜனாதிபதித் தேர்தலில் மற்றெந்த வாக்குக்கும் சமமான எடை பெறுகிறது. நிறைவேற்று ஜனாதிபதி முறையைக் கடுமையாக விமர்சிப்பவர்களும் கணக்கில் எடுக்கவேண்டிய உண்மை இது.

அந்த முறையை உருவாக்கிய ஜே.ஆர். ஜயவர்தனவை மதிப்பிடுவதுதான் மிகக் கடினம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது அவர் டி.எஸ். சேனாநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்தார். 1947 தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்றிருந்த இலங்கை இந்தியன் காங்கிரஸின் வாக்காளர்கள் அடுத்த தேர்தலுக்குள் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டனர். 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் வகைசெய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. எங்கே வாழ விரும்புகிறார்கள் என்று அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஜயவர்தனவின் 1978 அரசியலமைப்பு, வம்சாவளிப் பிரஜை, பதிவுப் பிரஜை என்ற பாகுபாட்டை நீக்கியது. அதே ஆண்டில் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அமைச்சரானார். 1986ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் நாடற்றோர் பிரச்சினையின் பெரும்பகுதியைத் தீர்த்தன. இவற்றை ஜனாதிபதியின் பெருந்தன்மையாக மட்டும் பார்ப்பது பிழை. 1986இல் தோட்டங்களில் நடந்த பிரார்த்தனைப் போராட்டம் தேயிலை உற்பத்தியையே முடக்கும் வலிமையைக் காட்டியிருந்தது. மறுபுறம், 1977, 1981, 1983 வன்செயல்களில் தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்கள் எரிந்தன. பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர்ந்தன. 1983 ஜூலையில் நாட்டு மக்களுக்கு உரையாற்றிய ஜயவர்தன, பாதிக்கப்பட்ட தமிழருக்கு ஆறுதலாக ஒரு சொல்லும் கூறவில்லை. உரிமைப் பத்திரம் கிடைத்ததும் உயிருக்கு உத்தரவாதம் இல்லாமற் போனதும் ஒரே ஆட்சியில்தான். பத்திரம் பெற்றவர் அவரை நன்றியோடு நினைப்பதும், வீடிழந்தவர் மன்னிக்க மறுப்பதும் இரண்டுமே நியாயம்.

ரணசிங்க பிரேமதாச 1988 டிசம்பரில் 2,79,339 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். புதிதாக வாக்குரிமை பெற்ற தோட்ட மக்களின் ஆதரவு இந்த வெற்றிக்கு முக்கிய காரணம் எனக் கருதப்படுகிறது. ஏழைகளின் ஜனாதிபதி என்ற பெயர் மலையகத்தில் அவருக்கு நிலைத்தது. கண்டிச் சிங்களக் கிராமங்களில் அவர் காலம் வேறுவிதமாக நினைவுகூரப்படுகிறது. ஜே.வி.பி. கிளர்ச்சியும் அதை அடக்கிய முறையும் 1989இல் பேராதனைப் பல்கலைக்கழக வளாகம்வரை சடலங்களைக் கொண்டுவந்தன. மலைச்சரிவின் மேலும் கீழும் வாழ்ந்த இரு சமூகங்கள் ஒரே மனிதரைப் பற்றி எதிரெதிர் முடிவுக்கு வந்தது இதனால்தான்.

பிரேமதாச காலத்தில், 1992இல், அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளுக்கு மாறியது. கண்டி, மாத்தளை மாவட்டங்களின் மத்திய மலைநாட்டுத் தோட்டங்களில் பல அரசின் கையிலேயே எஞ்சின. ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டம் ஆகியவற்றின் தொழிலாளருக்கு அரசே முதலாளி. ஊழியர் சேமலாப நிதி நிலுவை தேங்கியபோது, அவர்களின் கோபம் துரை பங்களாவோடு நிற்காமல் ஆட்சியாளரையே சுட்டியது. ஜனாதிபதிகளை மதிப்பிடும் ஆய்வுகள் இந்த வேறுபாட்டைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

பிரேமதாசவுக்குப்பின் ஜனாதிபதியான, கண்டி மாவட்டத்து உடுநுவரையிலிருந்து வந்த டி.பி. விஜேதுங்க, பெரும்பான்மையினரை மரத்துக்கும் சிறுபான்மையினரை அதில் படரும் கொடிக்கும் ஒப்பிட்டதாலேயே தமிழரிடையே நினைவில் நிற்கிறார். 1994 நவம்பரில் 62.28 வீத வாக்கோடு வந்த சந்திரிகா குமாரதுங்க மீது பெரும் எதிர்பார்ப்பு இருந்தது. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில் 2000 ஒக்டோபரில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டது அந்த எதிர்பார்ப்பைக் குலைத்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை தந்த 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் அவர் பதவிக்காலத்தில்தான் வந்தது. அப்போது அரசாங்கத்தை நடத்தியவர் பிரதமர் ரணில் விக்கிரமசிங்க என்பதால் பெருமை இருவருக்கும் பங்காகிறது.

அதன்பின் மக்களின் தீர்ப்பு தொழிற்சங்கத் தலைமையின் சொல்லிலிருந்து விலகத் தொடங்கியது. 2010இல் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் அப்போதைய ஜனாதிபதி மஹிந்த ராஜபக்ஷவை ஆதரித்தது. நுவரெலியா மாவட்டமோ சரத் பொன்சேகாவுக்கு வாக்களித்தது. 2015இல் அதே சங்கம் மீண்டும் மஹிந்தவின் பக்கம் நின்றபோது மாவட்டம் மைத்திரிபால சிறிசேனவைத் தேர்ந்தது. 2019இல் சங்கம் கோட்டாபய ராஜபக்ஷவுக்கு ஆதரவு கோரியபோது மாவட்டத்தில் சஜித் பிரேமதாச முன்னிலை பெற்றார். மலையக அரசியல் வரலாற்றில் தனி ஆய்வுக்குத் தகுதியான திருப்பம் இது. தலைவர் காட்டும் சின்னத்துக்கு வாக்களிப்பவர்கள் என்று தோட்ட மக்களைப் பற்றி நெடுங்காலம் சொல்லப்பட்டுவந்த கருத்தை இம்முடிவுகள் பொய்யாக்குகின்றன.

மைத்திரிபாலவின் ஆட்சியில் ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. லயத்துக்குப் பதில் லயமே என்ற பழைய எண்ணத்தை அது உடைத்தது. அதே ஆட்சியில், 2018 மார்ச்சில், கண்டி மாவட்டத்தின் திகனையிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்கள் தாக்கப்பட்டது, உயிர்ப் பாதுகாப்பு என்ற அளவுகோல் இன்னும் பழையதாகவில்லை என்பதைக் காட்டியது.

கோட்டாபய காலத்தில் 2021இல் 1,000 ரூபா நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது. அந்த ஆண்டே இரசாயன உர இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. 2021இல் ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி அடுத்த ஆண்டில் 251 மில்லியன் கிலோவாகச் சரிந்தது. கொழுந்து குறைந்தபோது கிடைக்கும் வேலைநாட்களும் குறைந்தன; விலைவாசியோ பன்மடங்கானது. சம்பளத்தைக் கூட்டிய ஜனாதிபதி என்று அவரை எவரும் நினைவுகூராததற்கு இதுவே காரணம். மிக மோசமான ஜனாதிபதி என்ற கருத்தில் மலையகமும் தெற்கின் பெரும்பகுதியும் ஒன்றுபடும் அரிதான இடம் அவர் ஆட்சி. 2022 ஜூலை 14 அன்று அவர் பதவி விலகினார்.

அடுத்து ஜனாதிபதியான ரணில் விக்கிரமசிங்க காலத்தில் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டுகள் 2023இல் நினைவுகூரப்பட்டன. தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். சம்பளம் 1,350 ரூபாவானது. 2023 ஒக்டோபரில் மலையகத் தமிழர் பற்றிய ஹட்டன் பிரகடனத்தை வெளியிட்ட தேசிய மக்கள் சக்தியின் அநுர குமார திசாநாயக்க, 2024 செப்டெம்பரில் ஜனாதிபதியானார். அப்போது நுவரெலியாவில் சஜித்தே முன்னிலை பெற்றார். எனினும் இரண்டு மாதங்களில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் அங்குள்ள எட்டு ஆசனங்களில் ஐந்தைத் தேசிய மக்கள் சக்தி வென்றது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அடிப்படைச் சம்பளத்தை 1,550 ரூபாவாக உயர்த்தி, 200 ரூபா வருகைக் கொடுப்பனவை அரசே தருவதாக அறிவித்தது. 2025 நவம்பர் இறுதியில் தித்வா புயல் கண்டி, பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் மண்சரிவுகளை ஏற்படுத்தியபின், பாதுகாப்பான இடத்தில் சொந்தக் காணி என்ற கோரிக்கை சம்பளத்தையும் முந்திக்கொண்டு அநுரவின் ஆட்சியை அளக்கும் முதல் அளவுகோலாகியுள்ளது.