பட்டறிவுக்குப் பட்டயம்: அயல்மொழி ஆங்கில ஆசிரியரின் உயர்தகுதி வளர்ந்த வரலாறு

1913ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் தேர்வுக் குழு ஒரு புதிய தேர்வை நடத்தியது. ஆங்கிலப் புலமைச் சான்றிதழ் என்பது அதன் பெயர். இன்று அதனை உயர்நிலை மொழித்திறன் தேர்வு என்றே யாவரும் அறிவர். தொடக்கத்தில் அதன் நோக்கம் வேறாக இருந்தது. தத்தம் நாட்டுப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிக்க விரும்பிய அயல்நாட்டார் தம் மொழியறிவுக்குச் சான்று வேண்டினர். அவர்களுக்கென அமைக்கப்பட்டதே அத்தேர்வு. ஆகவே, ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிப்போரின் தகுதி பற்றிய வரலாற்றை அங்கிருந்து தொடங்குவது பொருந்தும். முதலாண்டில் தேர்வு எழுதியோர் மூவர். மூவருமே தேறவில்லை.

அத்தேர்வு மொத்தம் 12 மணி நேரம் நடந்தது. ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழிக்குப் பெயர்த்தல் 2 மணி நேரம். அம்மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்த்தலும் இலக்கண வினாக்களும் இரண்டரை மணி நேரம். கட்டுரை 2 மணி நேரம். இலக்கியம் 3 மணி நேரம். ஒலியியல் ஒன்றரை மணி நேரம். பின்னர், சொல்வதெழுதுதல் அரை மணி, வாசிப்பும் உரையாடலும் அரை மணி. ஒலியியலுக்குத் தனித்தாள் ஒன்று இருந்தது என்பதில் மொழியியல் பயின்ற நமக்கு மகிழ்ச்சியே. 1930களில் அத்தாள் நீக்கப்பட்டதில் சிறு வருத்தமும் உண்டு. அது நிற்க. இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில், ஒரு நிமிடம்கூடத் தேர்வர் மாணவர்முன் நின்று கற்பிப்பதை எவரும் காணவில்லை. மொழியை அறிந்தவர் கற்பிக்கவும் அறிவார் என்பது சொல்லாமலே ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தது. அந்த ஒப்புதல் பிற்காலத்தில் எவ்வாறு ஐயத்துக்கு உள்ளாயிற்று என்பதே இவ்வுரையின் பொருள்.

இரண்டு உலகப்போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் கலையைப் பற்றிய புதிய அறிவு பெரும்பாலும் இங்கிலாந்துக்கு வெளியேதான் உருவாயிற்று. ஹெரால்டு பாமர் 1922இல் ஜப்பான் சென்றார். மறு ஆண்டே தோக்கியோவில் ஆங்கிலக் கற்பித்தல் ஆய்வு நிறுவனம் அவர் தலைமையில் தோன்றிற்று. மைக்கேல் வெஸ்ட் டாக்காவின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்துகொண்டு வங்காள மாணவரின் வாசிப்பை ஆராய்ந்து, 1926இல் இருமொழியம் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆ. சீ. ஹார்ன்பி 1924இல் இலக்கியம் கற்பிக்க ஜப்பானுக்குச் சென்றவர். மாணவர்களுக்கு வேண்டியது இலக்கியமன்று, மொழியே எனக் கண்டு வழி மாறியவர். மொழி கற்போருக்கென அவர் தம் துணைவரோடு தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில்தான் முதலில் வெளிவந்தது. இம்மூவரிடமும் அயல்மொழி ஆங்கிலம் கற்பிப்பதற்கான உயர்பட்டயம் எதுவும் இல்லை. அப்படியொன்று அந்நாளில் இருந்தால்தானே! அவர்கள் அறிந்தவற்றுள் பெரும்பகுதி வகுப்பறையில் கண்டும் தவறியும் திருத்தியும் அறிந்தது. 1946இல் ஹார்ன்பி ஆங்கிலக் கற்பித்தலுக்கென ஓர் இதழைத் தொடங்கியபோது, அவ்வகை அறிவை எழுதிவைக்க ஓரிடம் கிடைத்தது.

போருக்குப் பின் அந்த அறிவு பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது. 1957இல் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு மொழியியல் பள்ளி தொடங்கப்பட்டது. கேட்போர்டு அதன் முதல் இயக்குநர். கற்பித்தலில் ஏற்கெனவே பழகியோர் அங்குச் சென்று மொழியியலைப் பயின்று பட்டயம் பெற்றனர். மறு ஆண்டு, 1958இல், ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் எழுந்தது. நம் வட்டாரத்துக்கு வந்தால், தென்கிழக்காசியக் கல்வி அமைச்சர்கள் அமைப்பின் சார்பில் 1968இல் சிங்கப்பூரில் வட்டார ஆங்கில மொழி நிலையம் தொடங்கப்பட்டது. 1972இல் ஆரஞ்சு குரோவ் சாலையில் அதற்கெனக் கட்டடம் திறக்கப்பட்டது. விடுதியும் வகுப்பறையும் நூலகமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த அக்கட்டடத்தை இவ்வவையில் பலர் அறிவர்.

அந்நிலையம் நம்மவர்க்குச் செய்த நன்மையைக் குறைத்து மதிப்பிட நாம் விரும்பவில்லை. இந்தோனேசியா, தாய்லாந்து, பிலிப்பீன்ஸ், மலேசியா முதலிய நாடுகளிலிருந்து பாடநூல் எழுதுவோரும் ஆசிரியப் பயிற்றுநரும் வந்து ஓரிடத்தில் தங்கிப் படித்தனர். இலண்டனுக்கும் எடின்பரோவுக்கும் போகாமலே பயன்பாட்டு மொழியியலில் பட்டயம் பெற வழி பிறந்தது. 1970 முதல் அந்நிலையம் வெளியிட்டுவரும் ஆய்விதழ் நம் இளமைக்காலத்தில் நாம் தேடிப்பிடித்து வாசித்தவற்றுள் ஒன்று. தமிழ் மொழியியல் பயின்றோர்க்கும் அதில் கற்க நிறைய இருந்தது.

ஆயினும், இப்பல்கலைக்கழக மரபில் ஒரு குறை தொடர்ந்து வந்தது. மாற்றிலக்கணத்தையும் பிழைப் பகுப்பாய்வையும் பயின்ற ஆசிரியர் ஊர் திரும்பினார். அதே நாற்பது மாணவர், அதே பாடநூல், அதே மணியோசை. கற்ற கோட்பாட்டை அந்த நாற்பதின்மர் முன் எவ்வாறு பயன்படுத்துவது என்பது அவர் பொறுப்பிலேயே விடப்பட்டது. 1913இன் தேர்வர் மொழியை அறிந்தால் போதும் என்று எண்ணப்பட்டதுபோல், இவர் மொழியியலை அறிந்தால் போதும் என்று எண்ணப்பட்டது. அறிய வேண்டிய பொருள் உயர்ந்தது. சோதிக்கும் முறை பெரிதும் மாறவில்லை.

மாற்றம் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. ஜான் ஹேகிராப்டும் அவர் மனைவி பிரிட்டாவும் 1953இல் ஸ்பெயினின் கோர்தோபா நகரில் ஒரு சிறு மொழிப்பள்ளி தொடங்கினர். பின்னர் இலண்டனில் ஒன்று. தம் பள்ளிகளுக்கு ஆசிரியர் தேவைப்பட்டதால், 1962இல் இரண்டு வாரப் பயிற்சியொன்றை அவர்களே வகுத்தனர். இரண்டு வாரத்தில் ஆசிரியரா என்று கல்வியாளர் முகம் சுளித்திருந்தால் வியப்பில்லை. நமக்கும் அது அதிகமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் அப்பயிற்சியில் ஒன்று இருந்தது: கற்பவர் உண்மை மாணவர்முன் நின்று கற்பித்தார், பிறர் பின்னால் அமர்ந்து பார்த்தனர், பின்பு அதைப் பற்றிப் பேசினர். இது தொடக்கநிலையினர்க்கு உரியது. இதே உணர்வை அனுபவமுள்ள ஆசிரியர்க்குக் கொண்டுசென்றது ராயல் சொசைட்டி ஆப் ஆர்ட்ஸ் என்னும் பழைய கழகம். தட்டச்சு, சுருக்கெழுத்து முதலிய தொழில்களுக்குத் தேர்வு நடத்திப் பழகிய அக்கழகம், 1960களின் பிற்பகுதியில் அயல்மொழி ஆங்கில ஆசிரியர்க்கும் ஒரு தேர்வை வகுத்தது. தொழில் தேர்வுக்குச் செய்முறை இன்றியமையாதது என்பது அதற்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. தட்டச்சு பற்றிக் கட்டுரை எழுதியவருக்கு எவரும் தட்டச்சுச் சான்றிதழ் தருவதில்லையே.

1988இல் இத்தேர்வுகள் கேம்பிரிட்ஜ் கைக்கு மாறின. இன்று டெல்டா எனப்படும் பட்டயம் அவற்றின் வழித்தோன்றல். டிரினிட்டி கல்லூரியின் பட்டயம் அதற்கு இணையானது. 2008 முதல் டெல்டா மூன்று பகுதிகளாக நடைபெறுகிறது. முதற்பகுதி எழுத்துத் தேர்வு. மூன்றாம் பகுதி நீண்ட ஆய்வுக் கட்டுரை. இவற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை. பல்கலைக்கழகமும் இவற்றை நடத்தும். இரண்டாம் பகுதியே நம் கருத்தைக் கவர்வது. ஆசிரியர் நான்கு பாடங்களைத் தேர்ந்துகொள்கிறார்: இரண்டு மொழியமைப்பைச் சார்ந்தவை, இரண்டு மொழித்திறனைச் சார்ந்தவை. ஒவ்வொன்றுக்கும் 2,000 முதல் 2,500 சொற்களில் பின்னணிக் கட்டுரை எழுத வேண்டும். அக்கட்டுரையிலிருந்து பிறக்கும் பாடக்குறிப்பை வரைய வேண்டும். அப்பாடத்தைப் பார்வையாளர் முன்னிலையில் நடத்த வேண்டும். நடத்தியபின் நிறைகுறைகளைத் தாமே எழுத வேண்டும். நான்கில் ஒன்றை, அவரை முன்பின் அறியாத வெளித்தேர்வாளர் வந்து காண்கிறார்.

இங்கே கோட்பாடு விலக்கப்படவில்லை என்பதைக் கவனித்தல் வேண்டும். அது ஒரு குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட மாணவர்முன் பயன்பட்டாக வேண்டும் என்ற கட்டாயமே சேர்க்கப்பட்டது. நீண்ட அனுபவமுள்ளோர்க்கு இதுவே மிகக் கடினம். பல்லாண்டுப் பழக்கத்தில் கை தானாகச் செய்வதை 'ஏன் செய்தீர்' என்று கேட்டால் விடை எளிதில் வாராது. பாடம் நன்றாக நடந்தும், தாம் எழுதிய மதிப்பீட்டில் மாணவர் உண்மையில் கற்றதைக் காணத் தவறிய ஆசிரியர் இருக்கலாம்; பாடம் சறுக்கியும், சறுக்கிய இடத்தைச் சரியாகச் சுட்டியவரும் இருக்கலாம். இவ்விருவருள் தேர்ந்த ஆசிரியர் எவர் என்ற வினாவை அந்த மதிப்பீட்டுத் தாள் எழுப்புகிறது. பன்னிரண்டு மணி நேரத் தேர்வால் அதை எழுப்ப முடிந்ததில்லை.

இவ்வரலாற்றில் மறைக்கக் கூடாத ஒரு பக்கமும் உண்டு. 1980களில் அனுபவமுள்ள ஆங்கில ஆசிரியர்க்கு இரண்டு வாயில்கள் இருந்தன. வயதுவந்தோர்க்கு ஆங்கிலம் கற்பிப்போர்க்கு ஒரு பட்டயம். 'கடல்கடந்த நாட்டு ஆசிரியர்'க்கு வேறொரு பட்டயம். பின்னது பெரும்பாலும் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்க்கு உரியது. நோக்கம் நல்லதாக இருந்திருக்கலாம்: அவரவர் சூழலுக்கு ஏற்ற பயிற்சி. ஆனால் இரண்டு பெயர்கள் இருக்குமிடத்தில் இரண்டு மதிப்புகளும் இருக்கும். இதன் வேரை 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் கூடிய காமன்வெல்த் மாநாட்டில் ராபர்ட் பிலிப்சன் கண்டார். தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்பது அம்மாநாட்டின் வழி வேரூன்றிய பிழைக் கருத்துகளுள் ஒன்று என 1992இல் வெளிவந்த தம் நூலில் அவர் வாதிட்டார். ஹங்கேரி நாட்டுப் பீட்டர் மெட்கெஷ் 1994இல், தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியரைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். 1990களின் இறுதியில் இரு பட்டயங்களும் ஒன்றாயின. சாங்கியில் பிறந்தவரும் செஷயரில் பிறந்தவரும் ஒரே வினாத்தாளை எழுதலாயினர்.

எழுத்துத் தேர்வில் இலக்கணக் கலைச்சொற்களும் ஒலியியலும் வினவப்படுகின்றன. பிறந்தது முதல் ஆங்கிலம் பேசியவர் தம் வாக்கியம் சரியென அறிவார்; ஏன் சரி என்பதைப் புதிதாகக் கற்க வேண்டும். அதைப் படிப்படியாகக் கற்றவர்க்கோ ஒவ்வொரு படியும் நினைவிருக்கும். நெடுங்காலம் குறையெனக் கருதப்பட்டது இங்கே முதலாகிறது.

இந்தக் கருத்தோட்டத்தில் நமக்கு அணுக்கமான ஒருவர் நா. சு. பிரபு. சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியபோது, 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை, கடலூர்ப் பள்ளிகளில் செயல்வழி மொழி கற்பித்தலைச் சோதித்துப் பார்த்தவர். பின்னர் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். எந்த முறை சிறந்தது என்ற வினாவே பொருளற்றது என்று 1990இல் ஒரு கட்டுரையில் எழுதினார். தாம் கற்பிப்பது எவ்வாறு கற்றலாகிறது என்பது பற்றி ஒவ்வோர் ஆசிரியரிடமும் ஓர் உள்ளுணர்வு உண்டு. அது உயிரோடிருக்கிறதா, பழக்கமாக உறைந்துவிட்டதா என்பதே முதன்மை என்பது அவர் கருத்தின் சாரம். தாமே ஒரு புதுமுறையைப் புகழ்பெறச் செய்தவர் இவ்வாறு எழுதியது அரிது.

இவ்வளவும் ஆங்கிலத்தின் கதை. இதைத் தமிழ் ஆசிரியர் முன் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் துறையில் உயர்தகுதி என்றால் முதுகலையும் முனைவர் பட்டமும்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. தமிழ் மொழியியலில் முனைவர் பட்டம் பெற்றவர் நாம். அப்பட்டத்துக்காக நம் ஆய்வேட்டைத் தேர்வாளர்கள் வரிவரியாக வாசித்தனர். நம் வகுப்பில் வந்து அமர்ந்தவர் ஒருவருமில்லை. அன்று அது நமக்கு விந்தையாகத் தோன்றவுமில்லை.

அத்தகைய பின்னணிக் கட்டுரையைத் தமிழில் எழுதினால் எப்படியிருக்கும்? 'விடு' என்னும் துணைவினையை எடுத்துக்கொள்வோம். 'கண்ணாடி உடைந்தது' என்று ஒரு மாணவி சொல்கிறாள். இலக்கணப் பிழையில்லை, ஆயினும் தமிழ்ச்செவி 'உடைந்துவிட்டது' என்பதையே எதிர்பார்க்கிறது. வீட்டில் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு அந்த எதிர்பார்ப்பு எங்கிருந்து வரும்? ஆசிரியர் முதலில் 'விடு' சேர்க்கும் பொருளை ஆராய வேண்டும்: வினை முற்றுப்பெற்றதா, இழப்பு நேர்ந்ததா, இரண்டுமா? அடுத்து, 'உடைந்துவிட்டது' என்ற எழுத்து வடிவையா, 'ஒடஞ்சிடுச்சு' என்ற பேச்சு வடிவையா முதலில் கற்பிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். பேச்சுத் தமிழுக்கு வகுப்பறையில் இடமளிக்க வேண்டும் என்று 2005இல் சிங்கப்பூரின் தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தபின், இது தனிமனித விருப்பமாக மட்டும் இருக்க முடியாது. பிறகு பாடக்குறிப்பு. பிறகு, பின்வரிசையில் ஓர் அயலார் அமர்ந்திருக்க, பாடம். இழப்பைக் காட்டும் எடுத்துக்காட்டுகளை ஆசிரியர் கரும்பலகையில் அடுக்கிக்கொண்டிருக்கையில், ஒரு மாணவன் கையுயர்த்திக் கேட்கிறான்: "அக்காவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது என்று பாட்டி சொன்னார்களே, அது நல்ல செய்திதானே?" அவர் அப்போது என்ன விடை சொன்னார், மணியடித்தபின் அவ்விடையைப் பற்றி என்ன எழுதினார் என்பவற்றை வைத்தே அவருக்குப் பட்டயம் வழங்கப்படும்.